பின்பாரம்

பதினோராவது தடவையும் வண்டி ஒரு சாண் தள்ளித்தான் நின்றது.

பிக்கப்பின் வாலில் ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது, நல்ல எலுமிச்சம்பழ அளவு. அது இழுக்கப்போகும் கேரவன் என்ற சக்கர வீட்டின் மூக்கில் ஓர் இரும்புக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. உருண்டைக்கு நேர் மேலே கிண்ணம் வர வேண்டும். வந்ததும் மூக்கைத் தாங்கி நிற்கும் ஜாக்கியைச் சுற்றி, கிண்ணத்தை இறக்கிப் பூட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். கேரவனோடு வந்த சின்னப் புத்தகத்தில் இதை ஒன்பது வரியில் எழுதியிருந்தார்கள். அந்த ஒன்பது வரியையும் டிகிரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அத்தான். அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படிக்கப்போவதுமில்லை.

"வலது பக்கம் ஒடிங்க அத்தான். வலது. உங்க வலது."

"எல்லாருக்கும் ஒரே வலதுதான்."

"பின்னாடி வரும்போது அப்படி இல்ல..."

"பன்னெண்டு வருஷமா வண்டி ஓட்டறேன். எனக்கு ரிவர்ஸ் சொல்லித்தர்றியா?"

டிகிரி என்ற பெயரை வைத்தவரும் இவர்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வருஷம் அவள் வேதியியல் படிப்பை முடித்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள். 'என்ன டிகிரி, காப்பி போடத் தெரியுமா, அதுக்கும் புக்கு பாக்கணுமா' என்று அத்தான் ஆரம்பித்ததைத் தெரு அப்படியே பிடித்துக்கொண்டது. அவளைப் பற்றி வீட்டார் ஊரெல்லாம் பேசுவார்கள். கடையில், வேலை செய்யும் இடத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட. அவள் வாயைத் திறந்தால் மட்டும் யாருக்கும் காது கேட்காது.

மணி பத்தே முக்கால். டிகிரியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் நான்காக மடிந்து கிடந்தது. அணைக்கட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அங்கே சோதனைக்கூட உதவியாளர் வேலை. இன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் இந்த உத்தரவு தானாகவே ரத்தாகும் என்று கடைசி வரியில் இருந்தது. அதற்கு முந்தைய வரி அதைவிட மோசம்: பெண்களுக்குக் குடியிருப்பு இல்லை, சேரும் நாளிலேயே சொந்த ஏற்பாடு இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு வீடே கிடையாது. நிலையத்துக்கு போன் போட்டு, வளாகத்துக்குள் ஒரு கேரவன் நிறுத்திக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். அந்தப் பக்கத்து ஆள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கூடாது என்று எங்கேயும் எழுதியில்லை என்றார். அது போதும் அவளுக்கு. பழைய கேரவன் ஒன்றைத் தேடிப் பிடிப்பதில் பத்து நாள் போயிற்று. அத்தானின் பிக்கப் ஒர்க் ஷாப்பிலிருந்து வெளியே வருவதற்குள் மிச்ச நாளும் போயிற்று.

"பேசாம பஸ் ஏறிப் போய் கையெழுத்துப் போட்டுட்டு வாடி. வீடு பின்னால வரட்டும்" என்று அம்மா நேற்று முழுக்கச் சொன்னாள்.

"பஸ்ல போய் நின்னா, தங்க இடம் இருக்கான்னு கேப்பான். இல்லன்னா, இருக்கும்போது வாங்கன்னு அனுப்பிடுவான். நான் வீட்டோடதான் போய் நிப்பேன்."

"நத்தையா நீ?"

"ஆமா."

அந்த நத்தைக்கு ஓடு இன்னும் மாட்டியபாடில்லை. அப்பா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கியவர். லாரியைச் சரக்கு மேடைக்கு ஒட்டி நிறுத்த, டிரைவர்கள் அவர் கையைத்தான் தேடுவார்கள் என்று ஒரு காலத்தில் பேச்சு. பிக்கப் பன்னிரண்டாவது தடவையாகப் பின்னால் வந்தபோது அவருடைய வலது கை பாதிவரை உயர்ந்தது. மாப்பிள்ளை கண்ணாடியில் பார்ப்பது தெரிந்ததும், அதைத் தலை சொறிவதாக மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது மாமனார் கை காட்டுவதாவது.

அத்தான் இறங்கி வந்தார். உருண்டையையும் கிண்ணத்தையும் மாறி மாறி முறைத்தார். பிறகு கேரவனின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து, ஜாக்கியின் சின்னச் சக்கரம் கீச்சிட, ஒரே இழுப்பாகப் பக்கவாட்டில் இழுத்து உருண்டைக்கு மேலே கொண்டுவந்துவிட்டார்.

"முடிஞ்சுது. இதுக்குப் போய் ஒரு புக்கு."

"இறக்கிப் பூட்டுங்க."

அவர் இறக்கினார். கிண்ணத்தைப் பூட்டும் நெம்பை அழுத்தினார். டக் என்று சத்தம் வந்தது. கையைத் தட்டிக்கொண்டார். "கெளம்பு."

"தூக்கிப் பாக்கணும்."

"என்னத்தத் தூக்கறது?"

"பூட்டினதுக்கு அப்புறம் ஜாக்கிய மறுபடி மேல சுத்தணும். நெசமாவே மாட்டியிருந்தா பிக்கப்போட வாலும் சேர்ந்து எழும்பும். மாட்டலன்னா கெண்ணம் மட்டும் தனியா வந்துடும்."

"சத்தம் கேட்டுச்சு இல்ல? டக்குன்னு?"

டிகிரி குனிந்தாள். ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். நாலாவது சுற்றில் கிண்ணம் உருண்டையை விட்டுக் கழன்று, ஒன்றுமே நடக்காததுபோல் மேலே எழும்பி நின்றது. உருண்டை அடியில் மொட்டையாகப் பளபளத்தது. நெம்பு பூட்டியது காற்றைத்தான்.

அம்மா வாயில் கை வைத்தாள். அத்தான் தெருமுனையில் ஏதோ முக்கியமானது நடப்பதுபோல் அந்தப் பக்கம் பார்த்தார்.

"இப்படியே போயிருந்தா ரெண்டாவது திருப்பத்துல என் வீடு தனியா போயிருக்கும் அத்தான்" என்றாள் டிகிரி. சொல்லும்போது அவளுக்கு இனித்தது. எட்டு வருஷத்துக் காப்பிக் கிண்டலுக்கும் சேர்த்து இனித்தது.

மறுபடி அவளே இறக்கினாள். கிண்ணத்துக்கு அடியில் விரலை விட்டு, உள்ளே இருக்கும் தாடை உருண்டையைக் கவ்வியதா என்று தடவிப் பார்த்தாள். நெம்பை அழுத்தி, அது எழும்பாமலிருக்கப் பூட்டுப் பின்னைச் செருகினாள். திரும்பவும் ஜாக்கியைச் சுற்றினாள். இந்த முறை பிக்கப்பின் வால் கூடவே எழும்பியது. ஒரே கையால் சுற்றினாள். மற்றொரு கை இடுப்பில் இருந்தது, அத்தான் பார்க்கட்டும் என்று. சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, விளக்கு வயரைச் செருகி, சக்கரத்துக்கு வைத்த கட்டைகளை எடுத்துப் போட்டாள். கதவைப் பூட்டிச் சாவியைக் கடிதத்தோடு பைக்குள் போட்டாள்.

அத்தானுக்கு மதியம் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து பிக்கப்பை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா துணைக்கு வருவார், அத்தானோடு திரும்பிப் போவார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மெதுவா போடி" என்றாள் அம்மா.

"அஞ்சு மணிக்குள்ள போகணும்மா."

"அதான் சொல்றேன். மெதுவா போ."

கிளம்பும்போது பதினொன்றரை.

ஊரைத் தாண்டவே நாற்பது நிமிஷம் பிடித்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் கண்ணாடியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடி. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். அறுபதில் போனால் மூன்றரைக்குப் போய்விடலாம். அறுபதில் போனால்.

நெடுஞ்சாலையில் ஏறி ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஏதோ ஒன்று கூசியது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பதுபோல.

"காத்து" என்றாள்.

அப்பா ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை.

ஒரு லாரி தாண்டிப் போனது. கேரவன் அதன் பின்னாலேயே போக ஆசைப்பட்டதுபோல் வெளியே வளைந்தது, பிறகு உள்ளே வந்தது, பிறகு மறுபடி வெளியே. அவள் ஆக்சிலேட்டரை விட்டதும் ஆட்டம் நின்றது. நாற்பதுக்கு இறக்கினாள். நாற்பதில் சும்மா இருந்தது. நாற்பதில் போனால் ஐந்து மணி தாண்டிவிடும். ஐம்பது வைத்தாள். கூசியது. நாற்பத்தைந்து. பொறுத்துக்கொண்டது. இப்படியே வண்டியோடு பேரம் பேசிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் ஓட்டினாள். உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து ஒரு பக்கம் கறுத்துவிட்டது.

"டயர்ல காத்து கம்மியோ" என்றார் அப்பா.

"காலைல பாத்தேன்."

"ரோடு சரியில்லையோ."

"அப்பா, கொஞ்சம் சும்மா வாங்களேன்."

அவர் சும்மா வந்தார். அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஒரு நீண்ட இறக்கம் வந்தது. இறக்கத்தில் வண்டி தானாகவே அறுபதைத் தொட்டது. கேரவன் வாலை ஆட்டியது. ஆட்டம் பெரிதாயிற்று. கண்ணாடியில் வலது பக்கம் அதன் வெள்ளைச் சுவர் முழுதாகத் தெரிந்தது, மறைந்தது, இடது பக்கம் தெரிந்தது. பிக்கப்பின் பின்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் வழுக்கின. பிரேக்கை மிதி என்று அவள் கால் கெஞ்சியது. மிதிக்காதே என்று புத்தகம் சொல்லியிருந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே வந்த பஸ் ஹாரனை அழுத்தியபடியே போயிற்று. அப்பாவின் ஒரு கை டாஷ்போர்டில், மற்றொரு கை அவளுக்குக் குறுக்கே, கதவு மாதிரி.

இறக்கம் முடிந்து, ஆட்டம் அடங்கி, லாரிகள் நிறுத்தும் ஒரு மண் மைதானத்தில் ஒதுக்கி நிறுத்தினாள். இறங்கி, கேரவனைச் சுற்றி ஓடினாள். கிண்ணம் பூட்டியபடியே இருந்தது. சங்கிலி இருந்தது. டயர் நன்றாக இருந்தது. அப்போதுதான் தள்ளி நின்று மொத்தமாகப் பார்த்தாள். கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தது.

கதவைத் திறந்தாள்.

தரையில் அவள் நேற்று சாக்பீஸால் போட்ட கோடு அப்படியே இருந்தது. 'கனமெல்லாம் இந்தக் கோட்டுக்கு முன்னால' என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள். கோட்டுக்கு முன்னால், வாசலையொட்டி, ஒரு ஜோடி செருப்பும் துடைப்பமும் இருந்தன. பதினாலு புத்தகப் பெட்டிகளும் கடைசிக் கோடியில், பின்சுவரோரத்துக் கட்டில்மேல், மெத்தைக்கு மேலே இரண்டு அடுக்காக இருந்தன. அப்பாவின் கிடங்கிலிருந்து வந்த பிஸ்கட் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. அம்மாவின் நல்ல புடவை ஒன்றை விரித்து மூடி, ஓரங்களைச் செருகியிருந்தது, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி.

"யார் வெச்சது?"

அப்பா படியருகே நின்றார். "நீயும் மாப்பிள்ளையும் டீசல் போடப் போனப்ப..."

"கோட்டுக்கு முன்னால வைங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"எழுதியும் வெச்சேன்."

"பாத்தேன்."

"அப்புறம்?"

அவர் செருப்புக் கிடந்த இடத்தைப் பார்த்தார். "கால் வெக்கற எடம்மா அது. அங்க வைக்க மனசு வரல."

அவளுக்குள் பன்னிரண்டு தடவை ரிவர்ஸ் எடுத்தது, எட்டு வருஷத்துக் காப்பி, கடிதத்தின் கடைசி வரி, பஸ்ஸின் ஹாரன் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன.

"தூக்கி வெச்சுக் கும்பிட்டீங்க. மூணு வருஷம் நான் படிச்சேன், நீங்க கும்பிட்டீங்க. ஒரு நாளாவது இதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்களா? நான் சொல்றத ஒரு தடவ கேட்டிருந்தா போதும்ப்பா. ஒரே ஒரு தடவ. இப்ப ரெண்டு பேரும் செத்திருப்போம். உங்க கும்பிடுதான் கொன்னிருக்கும்."

ஒரு லாரி டிரைவர் டயரைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா படியேறி உள்ளே வந்தார், புடவையை எடுத்து நாலாக மடித்து ஓரமாக வைத்தார். முதல் பெட்டியைத் தூக்கினார்.

இரண்டு பேரும் மாற்றிமாற்றித் தூக்கினார்கள். குனிந்துதான் நடக்க முடியும் அந்த இடுக்கில். அப்பாவுக்கு இடது தோள் போய் மூன்று வருஷமாகிறது, அதனால் பெட்டியை வலது பக்கமாகவே சாய்த்துத் தூக்கினார். அவள் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரம் இல்லை. ஒன்பதாவது பெட்டியை இறக்கிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"தள்ளுவண்டியா இருந்தா நீ எனக்கு எழுதி வைக்க வேண்டாம்" என்றார், மூச்சு வாங்க. "பின்பாரம் ஆச்சுன்னா கைப்பிடி மேல தூக்கும். ஆளையே தூக்கிடும். ரெண்டு பேர் பல்லு போனத நான் பாத்திருக்கேன். முன்னால பாரம் கொஞ்சம் கையில உக்காரணும். எனக்குத் தெரியாதா அது?"

"அப்ப ஏன்?"

"இத நான் வண்டின்னு நெனைக்கலம்மா. உன் ரூமுன்னு நெனச்சேன். ரூமுல புத்தகத்த வாசல்ல, செருப்போட வைப்பாங்களா?"

அவள் பத்தாவது பெட்டியைத் தூக்கினாள். கோபத்துக்குக் கால் ஊன்ற இடம் தேடினாள். கிடைக்கவில்லை. அதற்குப் பதில் வேறொன்று கிடைத்தது. சனிக்கிழமை காலிக் கேரவனை வைத்துப் பழகியபோது ஜாக்கியின் கைப்பிடிக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. இன்று ஒரே கையில் சுற்றியது. இவ்வளவு பெரிய மூக்கை அத்தான் தனியாளாக இழுத்து நகர்த்தினார். மூக்கில் பாரமே இல்லை என்று வண்டி இரண்டு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்காதவர்களின் வரிசையில் கடைசியாக அவளும் போய் நின்றிருக்கிறாள்.

பதினாலாவது பெட்டி இறங்கியபோது மூன்று மணி. கேரவன் மூக்கை இறக்கி நிமிர்ந்து நின்றது.

"எத்தன மணிக்கு மூடுவான்?" என்றார் அப்பா.

"அஞ்சு."

"இத இழுத்துட்டுப் போனா?"

"இனி மலை ரோடு. அஞ்சரை ஆகும். கூடவும் ஆகும்."

"பிக்கப் மட்டும் போனா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கழட்டு" என்றார்.

"வீடு இல்லாம போய் நின்னா..."

"வீடு இருக்கே. இந்தா நிக்குது. நான் பாத்துக்கறேன். எங்கயும் ஓடாது, கட்டை வெச்சுட்டுப் போ."

"தனியா இங்க..."

"முப்பத்தொரு வருஷம் லாரிக்குக் காத்திருந்தவன்தான். கழட்டும்மா, பேசிட்டே நிக்காத."

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். ஜாக்கியை இறக்கினாள். வயரைப் பிடுங்கி, சங்கிலியை அவிழ்த்து, பின்னை உருவி, நெம்பைத் தூக்கினாள். ஜாக்கியைச் சுற்ற, கிண்ணம் உருண்டையை விட்டது. மாட்ட ஒரு மணி நேரமானது, கழற்ற ஏழு நிமிஷம். சற்றுமுன் பேசியதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி கேன் உள்ள சிங்க் கீழ இருக்கு" என்றாள்.

"சரி."

வெறும் பிக்கப் துள்ளிக்கொண்டு ஓடியது. எண்பதில் போனபோதும் அவள் கண் கண்ணாடிக்கே போயிற்று. கண்ணாடியில் சாலை மட்டும் இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லாதது, பின்னால் அது ஆடியதைவிடத் தொந்தரவாக இருந்தது. மலை ஏறும்போது ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஆறு நிமிஷம் ஸ்டியரிங்கைக் குத்தினாள். மாலை வெயிலில் ஒரு ஆள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார், யாரோ, யாருடைய அப்பாவோ. அவள் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கூட்டினாள்.

அலுவலகத்தில் அவள் நுழைந்தபோது மணி நாலு நாற்பத்தெட்டு. குமாஸ்தா மேஜை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி, வியர்வையில் ஒட்டிப்போன மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"தெரியும் சார்."

"குடியிருப்பு ஏற்பாடு?"

"ஆயிடுச்சு."

"எங்க?"

"வந்துட்டிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீடு வந்துட்டிருக்கா?"

"கேரவன் சார். போன்ல கேட்டேன், கூடாதுன்னு எழுதலைன்னு சொன்னாங்க."

"அத சொன்னது நான்தான். சரி, எங்க அது?"

"எண்பது கிலோமீட்டர் கீழ. எங்கப்பா பாத்துட்டிருக்காரு."

குமாஸ்தா அவளைப் பார்த்தார். அவள் சட்டையைப் பார்த்தார், கிரீஸ் அப்பிய விரல்களைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்துல கிரீஸ் படாம போடுங்க."

பட்டது. அவள் பெயருக்கு மேலே ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை. அப்பா சம்பளம் வாங்கிய பதிவேட்டில் இருந்ததுபோலவே இருந்தது. அதைத் துடைக்கப் பார்த்தாள், இன்னும் பரவியது.

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி, ஒன்பது மணிவரை திறந்து வைப்பதாகச் சொன்னார். "அதுக்கு மேல வீடு வந்தா வெளியதான் நிக்கணும்" என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் அவள் என்ன சொல்வதென்று எண்பது கிலோமீட்டருக்கும் பழகிக்கொண்டே வந்தாள். எதைச் சொன்னாலும் மேடையில் பேசுவதுபோலவே இருந்தது.

மைதானத்தில் லாரிகள் குறைந்திருந்தன. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கேரவன் நின்ற இடத்தில் நின்றது. அப்பா படியில் உட்கார்ந்து, வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"போட்டியா?"

"போட்டேன். அஞ்சுக்குப் பன்னெண்டு நிமிஷம் இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டியது போதாதென்று இன்னொரு தடவையும் ஆட்டினார். "உள்ள வந்து பாரு."

பெட்டிகள் கோட்டுக்கு முன்னால் ஒரே வரிசையாக, சுவரோடு சுவராக இறுகி நின்றன. குறுக்கே கயிறு போட்டு மூட்டைக்கட்டு கட்டியிருந்தார். லாரி கவிழ்ந்தாலும் அந்தக் கட்டு அவிழாது. பெட்டிகளுக்கு மேலே கட்டில் மெத்தையை மடித்துப் போட்டு, அம்மாவின் புடவையை அதன்மேல் இழுத்துவிட்டிருந்தார். செருப்பும் துடைப்பமும் பின்சுவரோரத்துக்குப் போயிருந்தன.

"மிதிக்கறதுதான் கூடாது" என்றார். "உக்காரலாம்."

"அப்பா, மத்தியானம் நான்..."

"இருட்டறதுக்குள்ள மாட்டிடுவோம். ஏறு."

"நான் ஓட்டினா யாரு பாக்கறது?"

"மாப்பிள்ளை இங்க இல்லையே" என்றார்.

அவள் ஏறினாள். கண்ணாடியில் அவர் தெரிந்தார், கேரவனின் மூக்குக்கு ஓரமாக, கால்களை அகட்டி. வாயைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் தூக்கினார். உள்ளங்கை அவளைப் பார்த்து மடங்கியது: வா. விரல்கள் லேசாக இடது பக்கம் சாய்ந்தன. அவள் ஸ்டியரிங்கை ஒரு துளி ஒடித்தாள். கை நிமிர்ந்தது. வா. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சாண். அரைச் சாண். இரண்டு விரற்கடை. கை மூடியது.

அவள் இறங்கி வந்து பார்த்தாள். கிண்ணம் உருண்டைக்கு நேர் மேலே நின்றது. ஒரே தடவை.

"இத காலைல செஞ்சிருந்தா ஒரு மணி நேரம் மிச்சம்" என்றாள்.

"காலைல அவர் முகம் என்ன ஆவறது?"

அவள் இறக்கினாள், தடவிப் பார்த்தாள், பூட்டினாள், பின்னைச் செருகினாள். சங்கிலிகளைக் குறுக்காக மாட்டும்போது அவர் குனிந்து, "நேரா மாட்டாம ஏன் குறுக்க?" என்று கேட்டார். அவள் கை நின்றது. அவர் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டு அவளுக்கு நினைவில்லை.

"கெண்ணம் நழுவினா மூக்கு ரோட்டுல இடிக்காம சங்கிலி மேல விழும். தாங்கிக்கும்."

"தொட்டில் மாதிரி."

"தொட்டில் மாதிரிதான்."

கடைசியாக ஜாக்கி. கைப்பிடியை ஒரு கையால் பிடித்தாள், நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. அப்பா வந்து அவள் கைகளுக்கு நடுவே தன் வலது கையை வைத்தார்.

"தோளு" என்றாள்.

"இது வலது. சுத்து."

இருவருமாக அழுத்தினார்கள். பாரம் கையில் உட்கார்ந்தது. பிக்கப்பின் வால் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. கிண்ணம் விடவில்லை.